டில்லியைப் பணயம் வைத்த காதல்

லக்ஷ்மிபாய் நகர் என்று கடித உறையின்மேல் முகவரி எழுதும்பொழுது அந்த அரசியை நினைத்துக்கொள்பவர் நம்மில் எத்தனை பேர்? புது டில்லியின் தென்பகுதியில் அரசாங்க ஊழியர்களுக்காக எழுந்த குடியிருப்புகளுக்கு சரோஜினி, நேதாஜி, நௌரோஜி, கித்வாய் என்று தேசத் தலைவர்களின் பெயர்களைச் சூட்டினார்கள். அவ்வரிசையில் எங்கள் குடியிருப்புக்குக் கிடைத்த பெயர் ஜான்சி ராணியின் பெயர். 1857ஆம் ஆண்டில் மூண்ட பெரும் எழுச்சியில் வாளேந்தி நின்று, அடுத்த ஆண்டு ஜூன் மாதத்தில் குவாலியருக்கு அருகே போர்க்களத்தில் உயிர் நீத்தவர் அவர். பால்காரனுக்கும் தபால்காரருக்கும் நாள்தோறும் சொல்லிச் சொல்லி அப்பெயர் நமக்கு வெறும் விலாசமாகத் தேய்ந்துவிட்டது.

தேய்ந்துபோன அந்தப் பெயருக்கு எங்கள் வீட்டில் மீண்டும் உயிர் வந்தது ஒரு திரைப்படத்தினால். சென்ற குளிர்காலத்தில், வெளியே பனிமூட்டம் அடர்ந்திருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் தாயாரும், கல்லூரியில் படிக்கும் என் மகளும், நானும் அமர்ந்து 'ஜுனூன்' என்னும் இந்திப் படத்தைப் பார்த்தோம். தாயாருக்கு இந்தி தெரியாது. அலுவலகத்தில் ஆறு நாளும் செய்யும் மொழிபெயர்ப்பு வேலையை ஏழாம் நாளும் செய்யும்படி நேர்ந்தது. ஆயினும் அந்த வேலையின் பயனாக நான் கற்றுக்கொண்டது அதிகம். அதனையே இங்கு நேயர்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

'ஜுனூன்' 1978ஆம் ஆண்டில் உருவான படம். ஷியாம் பெனகல் இயக்கினார். நடிகர் சசி கபூர் தயாரித்ததோடு கதாநாயகனாகவும் நடித்தார். ரஸ்கின் பாண்ட் ஆங்கிலத்தில் எழுதிய, புறாக் கூட்டத்தின் பெயரைத் தலைப்பாகக் கொண்ட குறுநாவலே கதைக்கு மூலம். ஒளிப்பதிவு கோவிந்த் நிஹலானி. இசை வன்ராஜ் பாட்டியா. சிறந்த இந்திப் படம் என்னும் தேசிய விருதையும், ஒளிப்பதிவுக்கான தேசிய விருதையும் அது பெற்றது. விருதுகளைக் காட்டிலும் நமக்கு முக்கியமானது வேறொன்று. புரட்சியின் நடுவே நிகழும் காதற் கதைகள் பல உண்டு. அவற்றுள் பெரும்பாலானவற்றில் புரட்சி என்பது மேடைக்குப் பின்னால் தொங்கும் திரைச்சீலையாகவே இருக்கும். வேறொரு சீலையைத் தொங்கவிட்டாலும் கதை குன்றாது. 'ஜுனூனி'ல் அவ்வாறு செய்ய இயலாது. அங்கே ஒரு பெண்ணின் வாழ்வு டில்லி நகரத்தின் வெற்றி தோல்வியோடு முடிச்சிடப்பட்டிருக்கிறது.

கதைக்குள் புகுமுன் காலத்தைச் சற்றே நினைவுபடுத்திக்கொள்வோம். 1856இல் அயோத்தி இராச்சியத்தைக் கம்பெனியார் தம் ஆட்சியோடு இணைத்துக்கொண்டனர். நிலமும் பதவியும் இழந்தோரின் மனக்கசப்பு ஒரு புறம். கொழுப்புத் தடவியதாகக் கருதப்பட்ட தோட்டாக்களைப் பல்லால் கடிக்க வேண்டுமென்ற ஆணையினால் சிப்பாய்களுக்கு ஏற்பட்ட கொதிப்பு மறுபுறம். 1857 மே 10ஆம் நாள் மீரட்டில் தீ பற்றியது. மறுநாளே அச்சிப்பாய்கள் யமுனையைக் கடந்து டில்லிக்குள் புகுந்து, எண்பது வயதைக் கடந்திருந்த பகதூர் ஷாவைத் தங்கள் தலைவராக அறிவித்தனர். ரோஹில்கண்டில் பரேலி, ஷாஜஹான்பூர் ஆகிய ஊர்கள் மே 31ஆம் நாள் எழுந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை. ஷாஜஹான்பூரின் மாதா கோவிலில் வழிபாட்டிற்குக் கூடியிருந்த ஆங்கிலேயர்மீது சிப்பாய்கள் பாய்ந்தனர்.

படத்தின் கதை அந்த மாதா கோவிலில்தான் வேகம் கொள்கிறது. கணவனைப் பறிகொடுத்த மரியம் என்னும் மாது, தன் மகள் ரூத்தையும், முதிய தாயையும் அழைத்துக்கொண்டு தப்புகிறாள். ராம்ஜிமல் என்னும் வணிகர் அவர்களைத் தம் வீட்டில் மறைத்து வைக்கிறார். இதற்கிடையே அவ்வூரின் பட்டாணிய நிலப்பிரபுக்களில் ஒருவனான ஜாவேத் கான், ரூத்தைக் கண்டது முதல் அவள் நினைவாகவே இருக்கிறான். ஊரெங்கும் போர் மூண்டிருக்கும்பொழுது அவனுடைய உலகம் இரண்டே பொருள்களில் அடங்கியிருக்கிறது: ஒன்று, தான் வளர்க்கும் புறாக்கள், மற்றொன்று, இந்தப் பெண். ஒருநாள் அவன் ராம்ஜிமலின் வீட்டிற்குள் புகுந்து, மூன்று பெண்களையும் பலவந்தமாகத் தன் மாளிகைக்குக் கொண்டுபோய்விடுகிறான். அங்கே அவனுடைய மனைவி ஃபிர்தௌஸ் இருக்கிறாள். அவனுடைய உறவினனான இளைஞன் சர்ஃபராஸ், புரட்சிக்குத் தன்னையே ஒப்படைத்தவன், அவனைப் பார்த்துப் பொருமுகிறான்.

ஜாவேத்தாக சசி கபூர். ஃபிர்தௌஸாக ஷபானா ஆஸ்மி. சர்ஃபராஸாக நசீருத்தீன் ஷா. ரூத்தாக நஃபீஸா அலி. மரியமாக நடித்தவர் ஜெனிஃபர் கெண்டல். உண்மை வாழ்வில் சசி கபூரின் மனைவியான அவர், படத்தில் அதே மனிதரிடமிருந்து தன் மகளைக் காக்கப் போராடும் தாயாக வருகிறார். மரியமின் முதிய தாயாக வருபவர் உருது எழுத்தாளர் இஸ்மத் சுக்தாய்.

ஜாவேத் பெண் கேட்கிறான். மரியமிடம் படையில்லை, பணமில்லை, ஓடுவதற்கு இடமுமில்லை. மறுத்தால் என்ன நேருமோ என்னும் அச்சம். இசைந்தால் மகளை இழக்கும் துயரம். அவள் அறிவொன்றையே துணையாகக் கொண்டு ஓர் உடன்பாட்டைச் சொல்கிறாள். டில்லி எவர் கையில் நிற்கிறது என்பது தெரியட்டும். புரட்சிக்காரர் வென்றால் உன் விருப்பம்போல் ஆகட்டும். ஆங்கிலேயர் டில்லியை மீட்டுக்கொண்டால் நீ இந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும். ஜாவேத் இசைகிறான். அந்தக் கணம் முதல் 300 கிலோ மீட்டருக்கு அப்பாலுள்ள ஒரு கோட்டைச் சுவர் இந்த வீட்டின் முற்றத்திற்கே வந்துவிடுகிறது. வாசலில் குதிரைக் குளம்பொலி கேட்கும்பொழுதெல்லாம் டில்லியிலிருந்து சேதி வந்ததோ என்று ஒவ்வொருவர் முகமும் மாறுகிறது. நாட்டுப்பற்றினால் மாறும் முகம் ஒன்று. மகளை எண்ணி மாறும் முகம் ஒன்று. கணவனை எண்ணி மாறும் முகம் மற்றொன்று.

இந்த இடத்தில் என் மகள், "இது காதல்தானா, அப்பா?" என்று கேட்டாள். நான் விடை தேடிக்கொண்டிருக்கையில் என் தாயார் முந்திக்கொண்டார். "காதலோ என்னமோ, எனக்குத் தெரியாது. பெண்ணைப் பெற்றவள் நாளைக் கடத்துகிறாள். அது எனக்கு நன்றாகப் புரிகிறது" என்றார். நான் மொழிபெயர்க்காத ஒன்றை, ஒரு சொல்கூட மொழி தெரியாத அவர் கண்டுகொண்டுவிட்டார்.

அவர் சொன்னதைப் பின்னர் எண்ணிப் பார்த்தேன். நம் முன்னோர் இதற்கென ஓர் இலக்கணமே வகுத்திருக்கிறார்கள். காதலை அகம் என்றும், போரைப் புறம் என்றும் பிரித்தவர்கள் தமிழர். ஆயினும் இரண்டும் ஒன்றையொன்று தொடும் இடம் ஒன்று உண்டென்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மகட்பாற் காஞ்சி என்று தொல்காப்பியம் அதனைக் குறிக்கும். வலிமை மிக்க வேந்தன் ஒருவன் ஒரு குடியினரிடம் பெண் கேட்கிறான். அவர்கள் கொடுக்க மறுக்கிறார்கள். அதனால் போர் மூள்கிறது. புறநானூற்றில் இத்துறையில் அமைந்த பாடல்கள் பல இருக்கின்றன. ஒரு பெண்ணின் பொருட்டு ஊரே அழியப்போகிறதே என்று புலவர் இரங்குவது அவற்றின் இயல்பு. 'ஜுனூனி'ல் அந்த முறை தலைகீழாகிறது. பெண்ணின் பொருட்டுப் போர் மூளவில்லை. மூண்டுவிட்ட போரைத் தாய் ஒருத்தி தன் மகளுக்குக் கேடயமாக்கிக்கொள்கிறாள். மறுப்பதற்கு வலிமையற்றவளுக்கு, காலம் தாழ்த்துவது ஒன்றே மறுக்கும் வழி.

படத்தின் பெயரைத் தமிழில் எவ்வாறு சொல்வது என்று என் தாயார் கேட்டபொழுது உடனே விடை சொல்ல என்னால் இயலவில்லை. 'ஜுனூன்' அரபு மொழியிலிருந்து வந்த சொல். லைலாவின் காதலனை மஜ்னூன் என்கிறார்களே, அச்சொல்லும் இதே வேரில் பிறந்தது. ஜின் என்னும் ஆவி பிடித்தவன் என்பது அதன் அடிப்படைப் பொருள். தமிழில் பித்து எனலாம், வெறி எனலாம், மோகம் எனலாம். மோகம் என்றால் ஜாவேத்துக்குப் பொருந்துகிறது, சர்ஃபராஸுக்குப் பொருந்தவில்லை. வெறி என்றால் போருக்குப் பொருந்துகிறது, ரூத்தின் உள்ளத்தில் மெல்ல மெல்ல நேரும் மாறுதலுக்குப் பொருந்தவில்லை. பித்து என்பதே தகும் என்று இறுதியில் முடிவு செய்தேன். பக்தனையும் பித்தன் என்போம், காதலனையும் பித்தன் என்போம், கொண்ட கொள்கைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவனையும் அவ்வாறே சொல்வோம்.

படத்தை எடுத்தவர்களின் நேர்மை இங்கேதான் விளங்குகிறது. ஜாவேத்தின் பித்தை அவர்கள் இனிய காதல் என்று பூசி மெழுகவில்லை. அவன் பெண்களைத் தூக்கி வந்தவன். மணம் புரிந்த மனைவியின் கண்ணெதிரே வேறொரு பெண்ணை நாடுபவன். ஃபிர்தௌஸின் கோபத்தை வெறும் பொறாமை என்று அவர்கள் ஒதுக்கவில்லை. அதற்குரிய நியாயத்தைக் கொடுக்கிறார்கள். ரூத் முதலில் அவனைக் கண்டு நடுங்குகிறாள். அந்த நடுக்கம் சிறிது சிறிதாக வேறோர் உணர்ச்சியாக மாறுவதைச் சொல்லால் விளக்காமல், பார்வையாலேயே காட்டுகிறார்கள். என் மகளின் கேள்விக்குப் படம் நேராக விடை தருவதில்லை. சிறைப்பட்டவளின் விருப்பம் எந்த அளவுக்கு அவளுடைய விருப்பம் என்று நம்மையே கேட்க வைக்கிறது.

புரட்சியையும் அவர்கள் அதே நேர்மையோடு அணுகியிருக்கிறார்கள். மாதா கோவிலில் நிகழும் கொலையை மறைக்கவில்லை. அதே சமயம், சர்ஃபராஸின் கோபம் எங்கிருந்து பிறக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. டில்லி வீழ்ந்துவிட்டது என்னும் சேதியோடு அவன் திரும்பி வரும் காட்சியைப் பார்த்தவர் மறக்க மாட்டார். வந்தவன் நேரே ஜாவேத்தின் புறாக் கூண்டுகளிடம் போய், அவற்றை அடித்து நொறுக்குகிறான். சேதி சுமந்து பறக்கவல்ல புறாக்கள் அவை. ஒரு தேசம் தன் விடுதலைக்குப் போராடியபொழுது அவற்றின் எஜமானன் அவற்றைப் பொழுதுபோக்குக்கு வைத்திருந்தான். தோற்றவனின் ஆத்திரமெல்லாம் ஒதுங்கி நின்றவன்மீது திரும்புகிறது. அந்த ஒரு காட்சியில், தன்னலப் பித்தும் பொதுநலப் பித்தும் நேருக்கு நேர் நிற்கின்றன.

டில்லி வீழ்ந்தது கற்பனையன்று. 1857 செப்டம்பர் 14ஆம் நாள் ஆங்கிலப் படை காஷ்மீரி வாயிலை வெடி வைத்துத் தகர்த்து நகருக்குள் நுழைந்தது. தெருத் தெருவாகப் போர் நடந்து, 20ஆம் நாளன்று நகரம் முழுவதும் அவர்கள் வசமாயிற்று. ஹுமாயூன் சமாதியில் புகலடைந்திருந்த பகதூர் ஷா சிறைப்பட்டார். அவருடைய புதல்வர்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். நகர மாந்தர் ஊரைவிட்டே துரத்தப்பட்டனர். அந்த முதிய மன்னர் ரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862இல் அங்கேயே காலமானார்.

ஷாஜஹான்பூரில் ஒரு தாய் மூச்சு விட்டாள். ஜாவேத் சொன்ன சொல்லைக் காத்தான். பெண்களைத் தூக்கி வந்தவனிடம் இந்த ஒரு சிறப்பு எஞ்சியிருந்தது. ஆங்கிலேயரின் பாதுகாப்பில் அவர்கள் மீண்டும் மாதா கோவிலில் இருக்கையில், கடைசியாக ஒருமுறை ரூத்தைக் காண அவன் வருகிறான். தாய் தடுத்தும் கேளாமல் ரூத் அவன் கண்ணெதிரே வந்து நிற்கிறாள். அவன் குதிரையைத் திருப்பிக்கொண்டு போய்விடுகிறான். பின்னர் ஆங்கிலேயரோடு பொருது அவன் மடிந்தான் என்றும், ரூத் மணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்து 55 ஆண்டுகளுக்குப் பிறகு லண்டனில் இறந்தாள் என்றும் ஒரு குரல் சொல்ல, படம் முடிகிறது. தாய் தன் மகளைக் காப்பாற்றிவிட்டாள். மகளின் மனத்தைக் காப்பாற்ற இயன்றதா என்பது நம் சிந்தனைக்கு விடப்படுகிறது.

இந்த எழுச்சிக்கு என்ன பெயர் சொல்வது என்பதும் எளிய கேள்வியன்று. நான் பள்ளியில் படித்த நாளில் அதனைச் சிப்பாய்க் கலகம் என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்தது. முதல் சுதந்திரப் போர் என்று எழுதுவாரும் இருந்தனர். கலகம் என்றால் ஆளுகின்றவரின் கண்ணால் பார்க்கிறோம். போர் என்றால் எழுந்து நின்றவரின் கண்ணால் பார்க்கிறோம். ஒரு சொல்லை மாற்றினால் இறந்தவர் குற்றவாளியாகிறார், அல்லது தியாகியாகிறார். டில்லி மேட்டின்மீது ஆங்கிலேயர் தம் படையில் மாண்டவர்களுக்காக ஒரு கோபுரம் கட்டினார்கள். அதன் கல்வெட்டு, எதிர்த்துப் போரிட்ட இந்தியரை எதிரி என்றே குறிப்பிடுகிறது. 1972ஆம் ஆண்டில் நம் அரசாங்கத்தார் அக்கோபுரத்திற்கு அஜீத்கட் என்று பெயர் மாற்றினர். பழைய கல்வெட்டை உடைத்தெறியாமல், அதனருகே வேறொரு பலகையைப் பதித்தனர். அங்கே எதிரி என்று சொல்லப்பட்டோர், அந்நிய ஆட்சியை எதிர்த்து எழுந்து, விடுதலைக்காகத் தீரத்துடன் போரிட்டோர் என்பது அப்பலகையின் கருத்து. மூலத்தை அழிக்காமல் அருகிலே திருத்தம் எழுதிய இச்செயலை, மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட நான் எப்பொழுதும் மரியாதையோடு நினைப்பது வழக்கம்.

இவையெல்லாம் வடநாட்டுக் கதைதானே என்று தமிழ் நேயர் ஒருவர் எண்ணக்கூடும். அவ்வாறன்று. மீரட்டுக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1806 ஜூலை 10ஆம் நாள், வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தார்கள். 1857இல் அலகாபாத்திலும் கான்பூரிலும் கொடிய பழிவாங்கலை நடத்திய நீல் என்னும் தளபதி, சென்னைப் பட்டாளத்திலிருந்து சென்றவர். லக்னோவில் அவர் மாண்ட பின்னர் சென்னை மவுண்ட் ரோடில் அவருக்குச் சிலை வைத்தார்கள். அதனை அகற்ற வேண்டுமென்று 1927இல் தமிழ் இளைஞர்கள் சத்தியாக்கிரகம் செய்து சிறை புகுந்தனர். 1937இல் ராஜாஜியின் மந்திரிசபை அமைந்த பின்னரே அச்சிலை தெருவைவிட்டு அகன்று காட்சிச்சாலைக்குப் போயிற்று. வடக்கே நடந்ததன் கணக்கு எழுபது ஆண்டுகளுக்குப் பின்னரும் தெற்கே தீராமல் இருந்தது என்பதற்கு இதுவே சான்று.

குடும்பக் கதையையும் தேசக் கதையையும் ஒரே நூலில் கோக்கும் முயற்சி நம் தமிழ்த் திரைக்கும் புதிதன்று. கல்கியின் கதையைக் கொண்டு கே. சுப்ரமணியம் எடுத்த 'தியாக பூமி' 1939இல் வெளிவந்தது. கைவிட்ட கணவனோடு மீண்டும் வாழ மறுக்கும் ஒரு பெண், தேசத் தொண்டில் தன் வழியைக் காண்கிறாள். அந்நிய அரசாங்கம் அப்படத்தைத் தடை செய்தது. தடைக்குக் காரணம் அதன் அரசியலே என்றாலும், படம் பார்த்த பெண்களின் நெஞ்சில் தைத்தது அந்த மறுப்பே என்று எண்ணத் தோன்றுகிறது. சாவித்திரியால் வாய்விட்டு மறுக்க முடிந்தது. மரியமால் நாளைக் கடத்தத்தான் முடிந்தது. புரட்சி நடக்கும் காலத்தில் ஒரு பெண்ணுக்கு "மாட்டேன்" என்று சொல்லும் உரிமை உண்டா என்பதே இரு படங்களும் நம்மிடம் வைக்கும் கேள்வி. நாடு விடுதலை பெறுவதும், வீட்டிலிருக்கும் ஒருத்தி விடுதலை பெறுவதும் ஒரே நாளில் நிகழ்வதில்லை.

படம் பார்த்ததற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் புறப்பட்டோம். எங்கள் குடியிருப்புக்கு அருகிலுள்ள ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ ரயில் ஏறினால், வண்டி மாறாமலே காஷ்மீரி வாயில் நிலையத்தில் இறங்கலாம். நேதாஜியின் சேனையின் பெயரைத் தாங்கிய இடத்திலிருந்து 1857இன் வாயிலுக்கு ஒரே வண்டி. அந்தப் பழைய வாயில் இன்றும் நிற்கிறது. பீரங்கிக் குண்டுகள் பட்ட வடுக்களும் மறையவில்லை. சுற்றிலும் பஸ்களின் இரைச்சல். எவரும் நின்று பார்ப்பதாகத் தெரியவில்லை.

என் தாயார் ஒரு வடுவின்மீது கையை வைத்துச் சிறிது நேரம் நின்றார். "இதுதான் விழுந்ததா? இது விழுந்த சேதிக்காகவா அவள் அங்கே காத்துக்கொண்டிருந்தாள்?" என்று கேட்டார். ஆம் என்றேன். அன்று மாலை வீடு திரும்பியதும் என் மகள் ஊரிலுள்ள தன் தோழிக்குக் கடிதம் எழுதினாள். உறையின்மேல் அனுப்புநர் முகவரியாக லக்ஷ்மிபாய் நகர் என்பதை, வழக்கமான கிறுக்கலின்றி, நிறுத்தி நிதானமாக எழுதியதைக் கண்டேன்.